பத்தாவது பாஸா என்று கேட்காதவர்

கங்காதரனின் கடையில் ஆயுத பூஜை கிடையாது. பட்டாபிராம் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தத் தெருவில் அன்றைக்கு ஒவ்வொரு கடை வாசலிலும் பூசணிக்காய் உடையும். இவர் மட்டும் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, யாருக்காவது பாஸ்போர்ட் விண்ணப்பமோ ரேஷன் கார்டு முகவரி மாற்றமோ நிரப்பிக்கொண்டிருப்பார். பக்கத்துப் பூக்கடைக்காரர் சுண்டல் கொடுத்தால் மட்டும் வாங்கித் தின்பார். "சுண்டலுக்குப் பகுத்தறிவு தடை இல்ல" என்பார்.

ஐம்பத்தெட்டு வயது. இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதியைப் பத்தொன்பது வயதில் வெட்டி எறிந்தார். தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல் சித்ராவை மணந்தார். அப்பா இறந்தபோது மொட்டை போட மறுத்ததால் அண்ணன்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசுவதில்லை. இவை வாய்ப்பேச்சு அல்ல. ஒவ்வொன்றுக்கும் அவர் விலை கொடுத்திருக்கிறார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. ஊரறிந்த சாதி வெறியன் ஒருவன் செய்திருந்தால் இது செய்தியே இல்லை.

கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "இங்கே எல்லாரும் ஒன்று. வரிசையில் வரவும்." ஐ.டி. கம்பெனி மேனேஜர் வந்தாலும் வரிசைதான். குப்பை அள்ளுகிறவருக்கும் அதே நாற்காலிதான். அந்தத் தாளை அவர் வருடத்துக்கு ஒரு முறை புதிதாக அச்சடித்து ஒட்டுவார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவரா? தேறியவர் என்றால் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று ஆங்கிலத்தில் அச்சாகிவிடும். ஈ.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த முத்திரை உள்ளவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா என்று பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். படிக்காதவர்களை ஏஜென்ட் ஏமாற்றி அடிமை வேலைக்கு விற்றுவிடக் கூடாது என்பது சொல்லப்படும் காரணம். நல்ல காரணம்தான். ஆனால் வருமான வரி கட்டுகிறவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவராக இருந்தாலும் இந்த முத்திரை அவருக்குக் கிடையாது. பணம் இருந்தால் அது படிப்புக்கு ஈடு. இருபது வருட உழைப்பு எதற்கும் ஈடில்லை. ஒரே நாட்டின் குடிமக்களுக்கு இரண்டு விதமான பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, அட்டையை மட்டும் ஒரே நீலத்தில் போட்டிருக்கிறார்கள்.

கங்காதரன் அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பதில்லை.

தொடக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஒரு கொத்தனார் வந்தார். பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நிற்க, "பத்தாவது சர்டிபிகேட் இருக்கா?" என்று இவர் சத்தமாகக் கேட்டார். அந்த மனிதர் தரையைப் பார்த்தார். "ஊட்ல கீது சார், எடுத்துகினு வரேன்" என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அது கங்காதரனை ஒரு வாரம் உறுத்தியது. அன்றிலிருந்து, ஆளைப் பார்த்ததும், கேட்டால் கூசிப்போவார் என்று தோன்றினால், கேட்காமலே 'இல்லை' என்று நிரப்பிவிடுவார். இதை அவர் நாகரிகம் என்று நினைத்தார். சித்ராவிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.

யாரைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு ஜூலையில் ராஜகுமாரி வந்தார். நாற்பத்திரண்டு வயது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அண்ணனூர் பணிமனையில் மின்ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். நீல நிறக் கோட்டு, முதுகில் ஒப்பந்தக் கம்பெனியின் பெயர், கையில் சோப்பு நீரில் ஊறிய வெளுப்பு. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"வாம்மா, உக்காரு. இன்னா வேணும்?"

"பாஸ்போர்ட் எடுக்கணும்ணா."

"வேலைக்கா?"

"வேலைதான் இங்கயே கீதே. சும்மா ஊர் பாக்க. மலேசியா."

"மலேசியாவுல இன்னா பாக்கப் போற?"

ராஜகுமாரி கொஞ்சம் வெட்கப்பட்டார். "சிரிக்கக் கூடாது. அங்க ரயில் எப்டி பளபளன்னு கீது தெரியுமா? போன்ல பாத்தேன். டிரைவரே இல்லாம ஓடுது. அதுல ஏறி ஒரு ரவுண்டு போணும். அவங்க எதப் போட்டுத் தொடைக்கிறாங்கன்னு பாக்கணும். பதினோரு வருஷமா நான் தொடைக்கிறேன், எவனாச்சும் ஒருத்தன் பாக்கு துப்பாத பெட்டின்னு ஒண்ணு பாத்ததில்ல."

கங்காதரன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. ராஜகுமாரி கவரிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து மேசைமேல் வைக்கத் தொடங்கினார். "ஆதாரும் பேங்க் புக்கும் போதும்மா. மிச்சத்த உள்ள வை" என்றார் இவர். பத்து நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்தது. "ஆபீஸ்ல ஸ்கிரீன்ல காட்டுவாங்க. உன் பேரு, பொறந்த தேதி, அப்பா பேரு, இந்த மூணும் கரெக்டான்னு மட்டும் பாரு" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கு அடுத்து உட்கார்ந்தவர் புது அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த நிர்மல். "பத்தாவது சர்டிபிகேட் கொண்டுவந்திருக்கீங்களா சார்?" என்று அவரிடம் கேட்டார்.

இந்த வருடம் பிப்ரவரியில் ராஜகுமாரி பயணத்துக்குத் தயாரானார். எல்லாம் கங்காதரன்தான் செய்தார். இந்தியர்களுக்கு அங்கே இப்போதைக்கு விசா வேண்டாம். முப்பது நாள்வரை சுற்றிப் பார்க்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும், திரும்பி வரும் டிக்கெட் வேண்டும், தங்குமிடத்தின் முன்பதிவு வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். நான்கையும் செய்து, அச்செடுத்து, ஒரு மஞ்சள் கோப்பில் போட்டுக் கொடுத்தார். "விசாவே இல்லாம ராணியாட்டம் போறே. எவனும் உன்ன ஒரு கேள்வி கேக்க முடியாது" என்றார்.

பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தை நகலெடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ராஜகுமாரி புறப்பட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு, மலேசியாவில் இருக்க வேண்டியவர் கடை வாசலில் நின்றார். கட்டியிருந்தது புதுப்புடவை, ஆனால் கசங்கியிருந்தது. கையில் அதே மஞ்சள் கோப்பு.

"இன்னாம்மா, போகலியா?"

"ஏத்தலண்ணா. திருப்பி அனுப்பிட்டாங்க."

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். எழுந்து இடம் விட்டார்கள். ராஜகுமாரி உட்காரவில்லை.

"ஏர்போர்ட்டு கவுண்டர்ல இருந்தவரு புக்கத் திருப்பினாரு. பின்னாடி பக்கத்தப் பாத்துட்டு ஓரமா நில்லுன்னாரு. ஒரு மணி நேரம் நின்னேன். அப்பறம் ரூமுக்குள்ள கூப்டாங்க. இன்னா வேலைன்னாங்க. ரயில் பெட்டி கிளீன் பண்றேன்னேன். அங்க எதுக்குப் போறன்னாங்க. ரயில் பாக்கன்னேன். ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சாங்கண்ணா. கிளீனிங் வேலைக்குப் போற, எந்த ஏஜென்ட் அனுப்புனான்னு சொல்லிடுன்னாங்க."

"ரிட்டர்ன் டிக்கெட்டக் காட்னியா?"

"எல்லாம் காட்னேன். இதெல்லாம் ஏஜென்ட் போட்டுக் குடுக்குறதுதான்னுட்டாங்க. பத்தாவது கூடப் பாஸ் பண்ணல, உனக்கு டூர் கேக்குதான்னாரு ஒருத்தரு. நான் பாஸ் சார், நானூத்திப் பன்னெண்டு மார்க்குன்னேன். அப்ப புக்குல ஏன் இப்டி போட்டிருக்கு, பொய் வேறயான்னாரு. பொய் சொன்னேன்னு எழுதிட்டாங்கண்ணா." ராஜகுமாரி பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பின்பக்கத்தை நீட்டினார். "இத யாருண்ணா போட்டது?"

கங்காதரன் அதை வாங்கிப் பார்த்தார். கறுப்பு எழுத்து, தெளிவாக இருந்தது. எதைப் பற்றிக் கேட்கிறார் என்பது அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் தன் சுட்டெலி 'இல்லை'யின் மேல் அழுத்தியது கூட ஞாபகம் வந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவர்மென்டு போட்டதும்மா" என்றார்.

அதோடு நிற்கவில்லை. எழுந்து நின்று பேசினார். சட்டப்படி, சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த முத்திரை ஒரு தடையே இல்லை என்றார். கோட்டு போட்டவன் போனால் சுற்றுலா, துடைப்பம் பிடித்தவள் போனால் ஆள் கடத்தலா என்று கேட்டார். ஊரைப் பார்க்கும் ஆசை கூட வர்க்கம் பார்த்துத்தான் வர வேண்டுமா என்று கேட்டார். ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து அவள் படிப்பை எடைபோடும் திமிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கேட்டவர்கள் "கரெக்ட் சார், கரெக்ட்" என்றார்கள். வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியமும் தன் மேலேயே விழுவதைக் கேட்டுக்கொண்டே அவர் பேசி முடித்தார்.

ராஜகுமாரி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பேசுனப்புறந்தாண்ணா மனசு ஆறுச்சு. தெருவுல, வேலைக்காரியா ஓடப் பாத்தவளப் புடிச்சிட்டாங்கன்னு பேசுறாங்க. என் பொண்ணு காலேஜுக்குப் போகாம உக்காந்துகினு கீது." கைகூப்பிவிட்டுப் போனார்.

அந்தக் கைகூப்பலை வாங்கிக்கொண்டு மூன்று நாள் இருந்தார் கங்காதரன். நான்காம் நாள் காலை ஆவடிக்குப் போக நடைமேடையில் நின்றபோது, எதிரே ராஜகுமாரி வேலைக்குப் போக வருவதைப் பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். ஊரையே எதிர்த்து நின்ற மனிதர், ரயில் துடைக்கும் ஒரு பெண்ணுக்குப் பயந்து தூணுக்குப் பின்னால் நின்றார்.

வீட்டுக்கு வந்து சித்ராவிடம் சொன்னார். முதலில் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ராஜகுமாரி கூசிப்போய்விடக் கூடாதே என்றுதான் கேட்கவில்லை என்றார்.

பருப்பு கடைந்துகொண்டிருந்த சித்ரா நிறுத்தவில்லை. "அந்தப் பொம்பள கூசுமின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பாத்தாத் தெரியாதா?"

"இன்னா தெரிஞ்சிது? கோட்டு தெரிஞ்சிது. எந்தத் தெருவுன்னு ஆதார்ல தெரிஞ்சிது. ஐ.டி. பையன் வந்தா 'நீங்க', 'சார்', சர்டிபிகேட். இந்தம்மாவுக்கு 'நீ', 'வாம்மா', சர்டிபிகேட் வேணாம். நானுந்தான் கடைக்கு வந்து பாத்துகினு கீறேனே இத்தினி வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மேடையேறிடுவீங்க."

சித்ரா மத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்தம்மாவுக்கு இது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப கவர்மென்டத்தான் திட்டிகினு கீது. போய்ச் சொல்லுங்க. இன்னிக்கே."

பகல் வேலை முடிந்து வரும் மின்ரயிலுக்காக மூன்று மணிக்கே நடைமேடையில் போய் நின்றார். நீலக் கோட்டுகள் நாலைந்து ஒன்றாக இறங்கின. ராஜகுமாரியோடு வேலை செய்யும் மங்களம் இவரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க மலேசியா டூரிஸ்ட் இதோ வருது. எங்க, சாக்லேட்டே கண்ல காட்டல" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ராஜகுமாரியும் சிரிக்க முயன்றார். ஐந்து நாளாக இந்த வேடிக்கையைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றார் கங்காதரன்.

"இன்னாண்ணா தனியா? இங்கயே சொல்லுங்க. இனிமே மறைக்க இன்னா கீது எனக்கு?"

மறைக்க அவருக்கு இருந்தது. இருந்தாலும் அங்கேயே சொன்னார்.

"அந்த முத்திரைய கவர்மென்டு தானாப் போடல. பத்தாவது பாஸ் இல்லன்னு பாரத்துல நிரப்பினது நான்தான். உங்ககிட்ட கேக்காமலே நிரப்பினேன்."

மங்களத்தின் சிரிப்பு நின்றது. ரயில் கிளம்பிப் போனது.

"கேக்காமன்னா?" என்றார் ராஜகுமாரி.

"கேக்கல. உங்களப் பாத்ததும் படிச்சிருக்க மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன். கேட்டா வருத்தப்படுவீங்கன்னு..."

"அன்னிக்கு மார்க் ஷீட்டு என் மடியில இருந்துச்சு." குரல் உயரவில்லை. "அந்தக் கவர்ல மொதல்ல வெச்சதே அதத்தான். அப்பா போய்ட்டப்புறம் எங்கம்மா என்ன வேலைக்கு அனுப்பிச்சு. அதுக்கப்புறம் எந்த எடத்துலயும் எவனும் அதக் கேட்டதில்ல. துடைக்கிறதுக்கு எதுக்கு மார்க் ஷீட்டு? பாஸ்போர்ட்டுக்குக் கேப்பாங்கன்னு மங்களம் சொல்லுச்சு. கேப்பீங்க, எடுத்துக் காட்டலாம்னு உக்காந்துகினு இருந்தேன். நீங்க உள்ள வைன்னீங்க."

கங்காதரன் "மன்னிச்சிடுங்க" என்றார்.

"அன்னிக்குக் கடைல அம்மாம் பேசுனீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

ராஜகுமாரி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. ஏறிய பெட்டி தவறான பெட்டி என்று தெரிந்தவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அந்த ரூம்ல சிரிச்சவங்களுக்கு என்னத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, படியேறிப் போனார். மங்களம் மட்டும் ஒரு நொடி நின்றார். "உங்கள நல்ல மனுஷன்னு சொல்லி எல்லாரையும் உங்ககிட்ட அனுப்பிகினு இருந்தேன்ணா" என்றார்.

மறுநாள் கடையில் கூட்டம் இருந்தபோது ராஜகுமாரி வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை.

"முத்திரைய எடுக்க இன்னா பண்ணணும்?"

"மறுபடி விண்ணப்பிக்கணும். மார்க் ஷீட்டோட. செலவு, வேலை எல்லாம் என்னுது. நான் இப்பவே..."

"நீங்க எந்திரிங்க."

கங்காதரன் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து ராஜகுமாரி அவருடைய இருக்கையில் அமர்ந்தார். கவரிலிருந்து மதிப்பெண் சான்றிதழை எடுத்து விசைப்பலகைக்கு மேலே சாய்த்து வைத்தார். ஆவடி அரசுப் பள்ளி, நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு விரலால் தட்டினார். புரியாத இடத்தில் ஆங்கிலத்தை வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். கங்காதரன் வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, அங்கே வேறு மாதிரி எழுதினால் சிக்கல் குறையும் என்று சொல்லப் போனார்.

"பெட்டி கழுவறத இங்கிலீஷ்ல எப்டி எழுதணும்? அத மட்டும் சொல்லுங்க."

சொன்னார். ராஜகுமாரி எழுதினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்; "இருங்க" என்று கங்காதரன் சொன்னார். முடிந்ததும் கட்டணத்தைத் தன் கைபேசியிலிருந்தே செலுத்தி, தாளை மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டார் ராஜகுமாரி. போகும்போது கைகூப்பவில்லை. பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவுமில்லை. முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வந்துவிட்டதா, மறுபடி அந்தக் கவுண்டருக்கு முன்னால் போய் நிற்கும் தைரியம் அவருக்கு இருக்கிறதா என்பதெல்லாம் கங்காதரனுக்குத் தெரியாது. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறார்.

ராஜகுமாரி வந்துபோன அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விண்ணப்பப் பதிவேட்டை எடுத்தார். ஏழு வருடப் பதிவு. பெயர், தெரு, கைபேசி எண். கேட்காமல் 'இல்லை' போட்ட ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் சிறியதாக ஒரு குறி. அடையாளத்துக்காக அவரே போட்டது. குறியுள்ள தெருக்களை ஒரு தாளில் எழுதினார். ஐந்து தெருக்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூன்று, லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு. அடுக்குமாடிகளில் ஒரு குறியும் இல்லை. அவர் குடும்பம் இருக்கும் தெருவிலும் இல்லை. சாதியைப் பெயரிலிருந்து வெட்டி எறிந்தவர் தன் கையாலேயே, ஏழு வருடமாக, சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கோடு கிழித்திருந்தார். வரைபடம் போலத் தெளிவாக இருந்தது.

முதல் பெயர் பாண்டியன். கம்பி கட்டும் வேலை. எண்ணை அழுத்தினார்.

"நான் பட்டாபிராம் கங்காதரன் பேசறேன். உங்க பாஸ்போர்ட் விஷயமா ஒண்ணு கேக்கணும். நீங்க பத்தாவது பாஸா?"

பின்னணியில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல சார்" என்றார் பாண்டியன், தணிந்த குரலில். "எட்டாவதோட நின்னுட்டேன். ஏன் சார், எதுனா பிராப்ளமா?"

"உங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க. அப்பவே உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காம எழுதிட்டேன், அதான்."

"பரவால்ல சார். யாரு கேக்குறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார் பாண்டியன். அந்த மனிதர் கூசியது உண்மைதான். கங்காதரனுக்கும் வலித்தது. இருந்தாலும் பெயருக்கு நேரே 'எட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். பொன்னியம்மா, மீன் வியாபாரம்.

"பத்தாவதா? பன்னெண்டாவது நைனா. இப்ப எதுக்குக் கேக்குற?"

"உங்க பாஸ்போர்ட்டுல படிக்கலன்னு பதிஞ்சிருக்கும்மா."

"அப்டியா? எவன் பதிஞ்சான்?"

"நான்தாம்மா."

"நீயா? யாரக் கேட்டு எழுதுன?"

கங்காதரன் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"யாரையும் கேக்கலம்மா" என்றார்.